விளிம்புல அடிக்காதே

கடையில் அவளை எல்லோரும் டேமேஜ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். பெயர் போகிற வழியாக இல்லை. கடைசியில் போனை எடுத்தால் "டேமேஜ் அக்கா பேசுறேன்" என்று அவளே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. பிறந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர். சின்னவள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்றைக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

கடையின் பின்பக்கம், குளிர் அறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடைய ராஜ்யம். ஒரு நீள மேசை, கனத்த தாங்கியோடு ஒரு டேப் உருளை, ஒரு கத்தரிக்கோல், மஞ்சள் ஸ்டிக்கர் சுருள், மூன்று பெரிய தொட்டிகள். விற்க முடியாததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூலை இடிந்த சோப்புப் பெட்டி, ஒழுகுகிற எண்ணெய்ப் பை, தேதி தாண்டிய தயிர், "வாசனை பிடிக்கலை" என்று பாதி தீர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஷாம்பு. குழந்தை கடித்துப் பார்த்த சாக்லேட்டை அம்மாக்காரி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் போயிருப்பாள். அதுவும் இங்கேதான் வரும்.

முதல் தொட்டி, கம்பெனிக்கே திருப்பி அனுப்புவது. இரண்டாவது, பாதி விலைக்குப் போவது. மூன்றாவது, அழிப்பது. அழிப்பது என்றால் சும்மா குப்பையில் கொட்டுவது இல்லை. கொட்டுவதற்கு முன்னால் மேலே ஒரு நீல மருந்தை ஊற்ற வேண்டும். யாராவது குப்பையிலிருந்து எடுத்துத் தின்று, வயிறு கெட்டு, கடை மேல் வழக்குப் போட்டுவிடுவார்களாம். தின்னக் கூடியதைத் தின்ன முடியாததாக்குவதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்து, அதைப் பாட்டிலில் அடைத்து, அதற்கும் ஒரு தேதி போட்டிருந்தார்கள். உறை கிழிந்த ஒரே காரணத்துக்காக நல்ல பிஸ்கட் மேல் அதை ஊற்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவாள்.

டப்பாக்களுக்குத் தனிச் சட்டம். வயிற்றில் நசுங்கியிருந்தால் பாதகமில்லை, உள்ளே இருப்பது நன்றாகவே இருக்கும், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்கு விடலாம். விளிம்பில் அடிபட்டிருந்தால் தொடக் கூடாது. காற்று உள்ளே போய்விடும். நேரே மூன்றாவது தொட்டி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பாதி விலைச் சாமானுக்கென்று கடையின் கோடியில், துடைப்பமும் வாளியும் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தட்டுக்கு யாரும் நேராக வருவதில்லை. துடைப்பம் பார்க்க வந்தவர் மாதிரி வருவார்கள். ஒரு வாளியை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஏதோ தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல நசுங்கிய பெட்டியைக் கூடைக்குள் போட்டு, மேலே ஒரு கீரைக்கட்டை வைத்து மூடிக்கொள்வார்கள். பின்னறையின் ஆடும் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அது வழியாகச் சின்னவள் இந்த நாடகத்தையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாளியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தன் அக்காவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

பெரியவள் இளைத்திருந்தாள். எப்போதும் தைத்துப் போட்ட மாதிரி உடுத்துகிறவள், இப்போது தோள்பட்டை தொங்குகிற ஒரு மேல்சட்டை போட்டிருந்தாள். அத்தானின் வியாபாரம் படுத்துவிட்டது, அந்தக் கவலையிலேயே அவரும் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று உறவுக்காரர்கள் வாயிலாகச் சின்னவளுக்குத் தெரியும். அனுதாபமாகச் சொன்னவர்களும் உண்டு, சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. இரண்டு வகைக்கும் அவள் "அப்படியா" என்று மட்டும்தான் பதில் சொன்னாள்.

பெரியவள் சத்துப் பவுடர் அடுக்குக்குப் போனாள். நோயாளிகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பவுடர். யானை விலை. ஒரு டப்பாவை எடுத்தாள், பின்னால் எழுதியிருந்ததைப் படித்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கோடித் தட்டுக்கு வந்து, உடைந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் பேச்சு நின்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் பெரியவள் வீட்டில் செல்வம் கொழித்தது. சின்னவள் வீட்டிலோ கணவனுக்கு இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. பெரியவள் சின்னவளின் குழந்தைக்குப் புதுக் கவுன் வாங்கி அனுப்பினாள். "நான் என்ன பிச்சைக்காரியா?" என்று சின்னவள் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். ரோஷத்துக்கு அந்த வீட்டில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அதன் பிறகு பெரியவள் பழைய துணியாகக் கொண்டுவர ஆரம்பித்தாள். "எங்க வீட்ல சும்மா கிடக்குது, வீணாப் போகுதே" என்பாள். வீணாகக் கூடாது என்பதற்காக வாங்கிக்கொள்வதில் சின்னவளுக்குக் கௌரவக் குறைச்சல் தெரியவில்லை.

ஒருநாள் சின்னவள் வீட்டில் அவள் நாத்தனார் வந்து உட்கார்ந்திருந்தபோது பெரியவள் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து, "ஒரு பொத்தான்தான் இல்ல, தைச்சுக்கோ" என்றாள். நாத்தனார் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். அவ்வளவுதான். சின்னவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உன் வீட்டுல ஆகாததையெல்லாம் கொண்டுவந்து கொட்ட என் வீடு என்ன குப்பைத்தொட்டியா?" என்று கத்திவிட்டாள். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். அந்தப் பையைச் சின்னவள் அன்றைக்கே தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். மிச்சத் துணிகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்த அக்கா, கீரைக்கட்டுக்கு அடியில் உடைந்த பிஸ்கட்டை ஒளித்துக்கொண்டு போகிறாள்.

அடுத்த செவ்வாயும் பெரியவள் வந்தாள், பவுடர் டப்பாவை எடுத்தாள், படித்தாள், வைத்தாள். அதற்கு அடுத்த செவ்வாய் விடிந்ததும் சின்னவள் செய்த காரியம், அவளே நம்ப முடியாத காரியம். அடுக்கிலிருந்து ஒரு நல்ல டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மேசை மேல் படுக்க வைத்தாள். டேப் உருளையின் கனத்த அடிப்பக்கத்தால், சரியாக வயிற்றில், ஒரு போடு போட்டாள். "டொக்" என்றது. கெட்டதிலிருந்து நல்லதைப் பொறுக்கியே இத்தனை காலம் ஓட்டியவள், முதல் தடவையாக நல்ல ஒன்றைக் கெடுத்திருக்கிறாள். அறையில் கேமராகூடக் கிடையாது. உடைந்த சாமானை எவன் திருடப் போகிறான் என்று வைக்காமல் விட்டிருந்தார்கள். இருந்தாலும் முதுகுப் பக்கம் யாரோ நிற்பது மாதிரியே இருந்தது.

மூடி கழன்றுவிடாமல் இருக்க வழக்கம்போல ஒரு சுற்று டேப் ஒட்டினாள். நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டாள். இது அவர்கள் வீட்டுப் பழக்கம். அவர்களுடைய அப்பா, டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டித் தேடித் தேடி ஒருநாள் பொறுமை இழந்து, இனிமேல் இந்த வீட்டில் டேப் ஒட்டுகிறவர் யாரானாலும் நுனியை மடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் மட்டும் விரலில் இருந்தது. மஞ்சள் ஸ்டிக்கரையும் ஒட்டிக் கோடித் தட்டில் வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பெரியவள் வந்தாள். வாளியைத் தட்டினாள். டப்பாவைப் பார்த்தாள். எடுத்து வெகு நேரம் கையில் வைத்திருந்தாள். நசுங்கலைத் தடவினாள், மூடியைத் தடவினாள். பிறகு கூடையில் வைத்துக்கொண்டாள். கீரைக்கட்டு வைத்து மூடவில்லை என்பதைச் சின்னவள் கவனிக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. அன்றைக்கு நீல மருந்தைக்கூடப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள்.

அதன்பின் அது செவ்வாய்க்கிழமை வாடிக்கை ஆகிவிட்டது. வெளியே போய் "அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தானே என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. கதவு வரை போவாள். குப்பைத்தொட்டியா என்று கேட்ட வாயை எப்படித் திறப்பது? திறந்து, பாதி விலைத் தட்டின் முன்னால் நிற்கிற அக்காவை "நான் பார்த்துவிட்டேன்" என்று காட்டிக்கொடுப்பதா? அக்கா அப்படியே திரும்பிப் போய்விடுவாள். அப்புறம் அத்தானுக்குப் பவுடரும் கிடையாது, செவ்வாய்க்கிழமையும் கிடையாது. வேண்டாம், இப்படியே காதும் காதும் வைத்த மாதிரி நடக்கட்டும் என்று திரும்பி வந்துவிடுவாள்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். தலைமை ஆபீஸ் என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டால் மட்டும் வியர்த்துவிடும். சத்துப் பவுடர் டப்பா மட்டும் ஏன் இப்படி நசுங்குகிறது என்று தலைமை ஆபீஸ் கேட்டுவிட்டது. முதலில் அவர் லாரியிலிருந்து சாமான் இறக்குகிறவரைப் பிடித்தார். அவருக்குப் பட்டப்பெயர் பூனை. எவ்வளவு பெரிய பெட்டியானாலும் சத்தமே இல்லாமல் இறக்குவார். "என் கையிலேருந்து ஒரு டப்பா விழுந்திருந்தா, நான் இந்த வேலையையே விட்டுடுறேன் சார்" என்று அவர் கண் கலங்கச் சொன்னது பின்னறை வரை கேட்டது.

போதும் என்று சின்னவள் முடிவு செய்தாள். அந்தச் செவ்வாய் எதையும் நசுக்கவில்லை. பெரியவள் வந்து தட்டில் இருந்ததையெல்லாம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கீழ்த்தட்டிலும் குனிந்து பார்த்தாள். பின்னறைக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சட்டென்று ஒதுங்கிக்கொண்டாள். பெரியவள் வெறும் கூடையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று கேட்ட மகள் மேல் எரிந்து விழுந்தாள்.

அதனால் அடுத்த வாரம், இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, மறுபடி ஒரு டப்பாவை நசுக்கி வைத்தாள். இந்த மாதிரிச் சத்தியங்களை யார்தான் செய்யவில்லை.

அன்றைக்கு மேனேஜரே பின்னறைக்கு வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"அக்கா, ஆளைக் கண்டுபிடிச்சாச்சு."

சின்னவள் கையிலிருந்த கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது. "யாரு சார்?"

"பூனை பாவம்க்கா, அவர் மேல தப்பே இல்ல. கேமராவுல உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அம்மா, செவ்வாய்க்கிழமை தவறாம வர்றாங்க. பவுடர் அடுக்குக்குப் போய் நல்ல டப்பாவை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துட்டு வச்சுடுறாங்க. அப்புறம் நசுங்கின டப்பாவைப் பாதி விலைக்கு எடுத்துட்டுப் போறாங்க. எல்லா வாரமும் அவங்களேதான் எடுக்குறாங்க. புரியுதா? ஒரு வாரம் வந்து இடிச்சு வச்சுட்டுப் போறது, அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறது. பார்த்தா கௌரவமான ஆளா இருக்காங்க. என்ன மூளை பாருங்க!"

"சார், அது வந்து..."

"இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன். பில் போடுற இடத்துல நிக்கிறாங்க இப்போ." போய்விட்டார்.

சின்னவளால் கதவு வரைதான் போக முடிந்தது. வெளியே போய் உண்மையைச் சொன்னால் வேலை போகும். கணவனின் வேலையை நம்பி வீட்டில் அடுப்பு எரிவதில்லை, இவளுடைய வேலையை நம்பித்தான் எரிகிறது. சொல்லாவிட்டால் அக்காவைத் திருடி என்பார்கள், அத்தனை பேர் முன்னால். ஒரு தடவை ஒரே ஒரு நாத்தனார் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தது போதாதா? வட்டக் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கதவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பேச்சு கேட்டது.

பில் போடும் பெண்ணின் பெயரே சில்லறை. யார் வந்தாலும் "சில்லறை இருக்கா?" என்றுதான் முதல் வார்த்தை. அவளே வாயைத் திறக்காமல் நின்றாள். மேனேஜர் டப்பாவைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது எப்படி நசுங்குச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவள் அவரைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லா வாரமும் நீங்கதான் எடுத்துட்டுப் போறீங்க. இதை யாரோ வேணும்னே இடிக்கிறாங்கம்மா. யாருன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது."

பெரியவள் கண் ஒரே ஒரு கணம் பின்னறைக் கதவுக்கு வந்து போனது. பிறகு அவள் நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னாள்: "வேற யாரும் இல்ல. நான்தான் இடிச்சேன்."

சின்னவள் ஆடிப்போனாள். மேனேஜரும் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று அந்தம்மா சாதிப்பாள், தான் கேமராவைக் காட்டி மடக்கலாம் என்று தயாராக வந்தவருக்கு, அடுத்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

"நீங்களா? எப்படி? எதுல இடிச்சீங்க?"

"இதென்ன பெரிய வித்தையா? இதோ, இப்படித்தான்." பெரியவள் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, பில் மேசையின் இரும்பு ஓரத்தைப் பார்த்து ஓங்கினாள். வயிறு அந்தப் பக்கம் இருந்தது. இரும்புக்கு நேராக இருந்தது விளிம்பு.

"விளிம்புல அடிக்காதே!"

கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. டப்பா "டங்" என்று இரும்பில் பட்டுவிட்டது. சின்னவள் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"விளிம்புல போய் யாராவது அடிப்பாங்களா? உள்ள காத்துப் போயிடும், பவுடர் கட்டிப் பிடிச்சுப் போயிடும், அப்புறம் விக்கவே முடியாது. வயித்துல அடிக்கணும். படுக்க வச்சு, டேப் உருளையால, ஒரே அடி. நான் எத்தனை அடிச்சேன், ஒண்ணாவது விளிம்புல..."

அப்போதுதான் தான் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. மேனேஜர் திருதிருவென்று விழித்தார்.

"எல்லாம் நான்தான் சார்," என்றாள் சின்னவள். "இவங்க ஒண்ணும் பண்ணல. இவ என் அக்கா."

"அவ பேச்சைக் கேக்காதீங்க, நான்தான் அடிச்சேன்" என்றாள் பெரியவள், இன்னும் விடாமல்.

"நீ சும்மா இரு. உனக்கு அடிக்கவே தெரியல."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. சாவியைக் கேட்டார். சின்னவள் இடுப்பிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்குக் காலையில வாங்கக்கா. தலைமை ஆபீஸ்ல பேசிப் பார்க்கிறேன். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார். கோபத்தைவிட அவர் குரலில் வருத்தம்தான் அதிகம் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பூனை அண்ணன்கிட்ட நானே சொல்லிடுறேன் சார்," என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு டப்பாவைப் பார்த்தார். "விளிம்பு போயிடுச்சு. சட்டப்படி இதை நீல மருந்து ஊத்தி அழிக்கணும்." ஆனால் டப்பாவைக் கேட்டு அவர் கை நீட்டவில்லை. "இது யார் கையில இருந்துச்சுன்னு நான் பார்க்கல," என்று சொல்லிவிட்டு, பெரிய வேலை இருக்கிறவர் போலக் காய்கறிப் பக்கம் நடந்தார்.

கடை வாசலுக்கு எதிரில் பஸ் நிறுத்தம். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் டப்பாவை வைத்துக்கொண்டு. வெயில் இதமாக இருந்தது.

"இன்னிக்கே திறந்து, வேற டப்பாவுல மாத்தி வச்சுடு," என்றாள் சின்னவள். இத்தனை காலத்துக்குப் பிறகு அக்காவிடம் பேச அவளுக்குக் கிடைத்தது இதுதான்.

"சரி."

"அத்தான் எப்படி இருக்காரு?"

"இப்போ எழுந்து உட்கார்றாரு. பவுடர் நல்லாக் கேக்குது."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "நான்தான்னு உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் டப்பாவுலயே. டேப் நுனியை மடிச்சிருந்தியே. நம்ம வீட்டைத் தவிர வேற யார் வீட்ல அப்படி மடிப்பாங்க?"

"தெரிஞ்சேவா எடுத்துட்டுப் போன?"

"பின்ன? எங்க வீட்டுக்கும் இந்தக் கடைக்கும் ரெண்டு பஸ் மாறணும். தெரிஞ்சவங்க கண்ணுல படாம வாங்கலாம்னுதான் முதல்ல வந்தேன். அப்புறமும் யாரோ எவரோ நசுக்கின டப்பாவுக்கா வாராவாரம் வருவேன்? கதவுக்குப் பின்னாடி நீ நிக்கிறேன்னு தெரியும். வெளிய வருவே வருவேன்னு பார்த்தேன். வந்தாத்தானே."

சின்னவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தட்டின் முன்னால் ஒருத்தி வாளியைத் தட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டு. இரண்டு கழுதைகள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் பெரியவள். "நல்லதைக் கெடுத்துக் குடுக்கிற புத்தி நம்ம குடும்பத்துல எனக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்."

"நீ எதைக் கெடுத்த?"

"எல்லாத்தையும்தான். உன் வீட்டுக்குக் கொண்டுவந்த துணி எல்லாம் பழசுன்னா நினைச்ச? கடையில வாங்கினதுடி. புதுசுன்னா திருப்பி அனுப்பிடுவே. அதனால ரெண்டு தடவை துவைச்சு, வெயில்ல போட்டு, ஒரு பொத்தானைப் பிச்சு எடுத்துட்டுக் கொண்டுவருவேன். பொத்தான் இல்லன்னா நீ ஒண்ணும் சொல்லாம வாங்கிக்குவே. அந்தச் சிவப்பு ஸ்வெட்டருக்கு மட்டும் மனசே வரல. அவ்வளவு அழகான பொத்தான். கண்ணை மூடிக்கிட்டுத்தான் பிச்சேன்." பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, பாப்பாவுக்கு அது சரியா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். சரியாக இருந்தது, இரண்டு வருஷம் போட்டாள் என்று சொல்லியிருந்தால் பெரியவள் சந்தோஷமாக நம்பியிருப்பாள். பிஸ்கட் மேல் மருந்தை ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இப்போதும் திருப்பிக்கொள்ளலாமா என்று சின்னவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. திருப்பவில்லை.

"அவ போடவே இல்லக்கா. அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். பையோட."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பிரிச்சுக்கூடப் பார்க்கல."

பெரியவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து, ஒரு துளி கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. "சிவப்பு அவளுக்கு நல்லா இருந்திருக்கும்," என்றாள். பிறகு, "பொத்தான் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. ஒரு மருந்து டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். என்னிக்காவது நீ வந்து கேப்பேன்னு."

பஸ் வந்தது. பெரியவள் வீட்டுப் பக்கம் போகிற பஸ். சின்னவள் வீடு அதற்கு நேர் எதிர்த்திசை. பெரியவள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினாள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் படியில் கால் வைத்தபடி ஒரு கணம் நின்றாள். நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாது. வீட்டில் போய் என்ன சொல்வது என்றும் தெரியாது. ஏறிவிட்டாள்.

"அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் பொத்தானையாவது எனக்குக் குடு," என்றாள், அக்காவின் பக்கத்தில் வந்து நின்று.

"வீட்டுக்கு வந்து எடுத்துக்கோ," என்று பெரியவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.